ஒரே ஒரு தாழ்ப்பாள்

இருட்டிய பிறகு கேட்ட அந்தச் சத்தத்தைத் தட்டுவது என்றும் சொல்ல முடியாது, கூப்பிடுவது என்றும் சொல்ல முடியாது. இரும்புக் கேட்டில் கண்ணாடி மோதுவதுபோல் கிணுகிணுவென்று கேட்கும், கொஞ்சம் நிற்கும், மறுபடி தொடங்கும். கொழுந்தன்தான் வந்துவிட்டானோ என்று ஜெசிந்தா பயந்தாள். பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். போட்டுத்தான் இருந்தது.

தூத்துக்குடிக்கு வெளியே, போதைப் பழக்கத்திலிருந்து மீள வரும் பெண்களுக்கான இல்லம் அது. மதுவையோ மாத்திரையையோ விட்ட புதிதில் வலிப்பு வரலாம். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே விழுந்து கிடந்தால் யார் காப்பாற்றுவது? அதனால் வார்டன் மார்த்தா உள்தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றிவிட்டாள். ஒரு சின்ன அறையில் மட்டும் மிச்சம் வைத்தாள். நடுக்கம் நிற்காதவர் அந்தத் தாழ்ப்பாளுக்குப் பின்னால் தனியாக இருக்கக் கூடாது என்பது அவள் சட்டம். கதவும் லேசில் படியாது. ஈரத்தில் ஊதிப் போயிருந்ததால், ஒரு கையால் அழுத்தி மறு கையால் இழுத்தால்தான் தாழ் விழும்.

அறை முதலில் இசக்கியம்மாளுடையது. சாராயத்தை விட்டபின் இல்லத்துச் சமையலைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவள். பிரசவத்துக்குப் பிறகு தூக்க மாத்திரைக்கு அடிமையான ஜெசிந்தாவை, கைக்குழந்தையோடு சேர்க்க முடியாது என்று மற்ற இல்லங்கள் திருப்பி அனுப்பின. இங்கே மட்டும்தான் கேட் திறந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதாக அவள் கொழுந்தன் மிரட்டுகிறான் என்று கேள்விப்பட்ட இசக்கி, ஜெசிந்தாவின் நடுக்கம் நின்றதுமே பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

"என்னை எவன் தூக்கிட்டுப் போகப் போறான்? தூக்கினா அவன் இடுப்புதான் பிடிச்சுக்கிடும்."

அன்றைக்குத்தான் ஜெசிந்தா மாத்திரை இல்லாமல் கண் அயர்ந்தாள். அதிலிருந்து அவள் ஜெபத்தில் பிள்ளையின் பெயருக்கு அடுத்து இசக்கியின் பெயர் வரும். அதற்கும் மாதம் ஒன்றாகிவிட்டது.

மார்த்தா விளக்கோடு கேட்டுக்குப் போனாள். ஜெசிந்தா ஜன்னல் வழியே பார்த்தாள். வந்தது கொழுந்தன் இல்லை. கம்பியைப் பிடித்தபடி ஒரு திருநங்கை நின்றாள். அவள் தட்டவே இல்லை. கை நடுங்கிய நடுக்கத்தில் வளையல்கள்தாம் கம்பியில் மோதிக்கொண்டிருந்தன. வந்த புதிதில், தண்ணீர் டம்ளர் தன் பல்லில் மோதிய சத்தம் ஜெசிந்தாவுக்கு நினைவு வந்தது.

"தட்டியிருக்கலாமேம்மா," என்றாள் மார்த்தா.

"தட்டினா போகச் சொல்லுவாங்க. சும்மா நின்னா கொஞ்ச நேரமாவது நிக்கலாம்ல."

பெயர் சொர்ணா. காலையிலிருந்து குடிக்கவில்லை. ஹாலில் உட்கார வைத்ததும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஆம்பளைங்க இல்லத்துல, சேலையோட வராதேன்னாங்க. பொம்பளைங்க இல்லத்துல, சேலை மட்டும் போதாதுன்னாங்க. சாராயக் கடையில மட்டும்தான்க்கா என்னை யாரும் ஒண்ணும் கேக்கல."

மார்த்தா டாக்டரை வரவழைத்தாள். அவர் மருந்து கொடுத்துவிட்டு, இரவு முழுக்க யாராவது பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும் என்று சொல்லிப் போனார். ஹாலில் பாய் விரித்தபோது சொர்ணா சிரிப்பை நிறுத்தினாள்.

"முந்தி ஒரு இடத்துல ஆம்பளைங்க ஹால்ல படுக்க வச்சாங்க. அங்க நடந்ததைச் சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம் தாழ்ப்பாள் இல்லாத இடத்துல எனக்குக் கண்ணு மூடாது."

இசக்கி எழுந்து நின்றாள். "நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா அது இங்க படுத்தா எனக்குத் தூக்கம் வராது."

"அது இல்ல இசக்கி. அவ," என்றாள் மார்த்தா.

"சரி, அவ. அவ ஹால்ல படுக்கட்டும், நான் வேண்டாங்கல. என் ரூமை மட்டும் எனக்கே குடுத்திருங்க."

ஜெசிந்தா அறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொடுத்தவளே திருப்பிக் கேட்கும்போது எந்த முகத்தோடு மறுப்பது? அறையை விட்டுக் கொடுத்தால், கொழுந்தன் வரும் நாளில் பிள்ளைக்கு எது காவல்?

மார்த்தா ஒன்றைத்தான் தீர்மானமாகச் சொன்னாள்: "உள்ள வந்தவளை நான் வெளிய அனுப்ப மாட்டேன். மத்ததை நீங்களே சொல்லுங்க."

கதை கேட்கிறவர்களே, உங்களிடமும் அதையே கேட்கிறேன். இருப்பது ஒரே தாழ்ப்பாள். அறைக்குச் சொந்தக்காரி ஒருத்தி, பிள்ளைக்காரி ஒருத்தி, எங்கும் இடம் கிடைக்காமல் வந்தவள் ஒருத்தி. மூவருக்கும் இருப்பது மெய்யான பயம். மார்த்தாவின் சட்டமும் உடையக் கூடாது. யாருக்குக் கொடுத்தால் சரி?

விடை சட்டத்துக்குள்ளேயே இருந்தது; அதைக் கண்டுபிடித்தவள் ஜெசிந்தா. "நடுக்கம் இருக்கிறவங்க தனியாத்தானே இருக்கக் கூடாது? சொர்ணாக்கா என்கூடப் படுக்கட்டும். பிள்ளை எப்படியும் ராத்திரி பூரா என்னை எழுப்பிக்கிட்டேதான் இருக்கும். நானே பார்த்துக்கறேன்." சொர்ணாவுக்குத் தாழ்ப்பாளும் துணையும் கிடைத்தன, பிள்ளையின் காவல் போகவில்லை, சொர்ணா ஹாலில் படுக்காததால் இசக்கிக்கும் குறையில்லை. சற்று நேரத்தில் அவளே கஞ்சியோடு வந்தாள். "பாதி டம்ளர்தான் ஊத்தியிருக்கேன். நிறைய ஊத்தினா கை ஆடிச் சிந்திரும். எனக்கும் சிந்துச்சு," என்று சொர்ணாவின் முகத்தைப் பார்க்காமலே வைத்துவிட்டுப் போனாள். ஜெசிந்தாவுக்குப் பயம் முழுதாகப் போய்விட்டதென்று சொன்னால் பொய். தாழ் போட இரண்டு கையும் வேண்டும். தினமும் அதற்குமுன் பிள்ளையைக் கட்டிலில் கிடத்துவாள். அன்றும் கட்டில் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவள், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்த சொர்ணாவின் மடியில் பிள்ளையைக் கிடத்தினாள். "ஐயோ தங்கச்சி, என் கை ஆடுதே," என்றாள் சொர்ணா. "மடி ஆடலைல்ல," என்றாள் ஜெசிந்தா. பிறகு இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு கையால் கதவை அழுத்தி, மறு கையால் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.