வியாழக்கிழமை உதைத்த பந்து

பாளையங்கோட்டையில் மாடக்கண்ணு சலூனுக்குப் போனால் முடிக்கு மட்டும்தான் கத்தரி. ஞானதிரவியம் அண்ணாச்சியின் பேச்சுக்குக் கிடையாது.

"அறுபத்தொம்பதுல காலேஜு ஃபுட்பால் டீம்ல நான் சென்டர் ஃபார்வர்டு," என்று அன்றைக்கும் ஆரம்பித்தார். "மதுரைக்காரங்களோட ஃபைனல். பதினோரு வருசமா நமக்குக் கப்பே கெடையாது. ஜெயிச்சா ஒரு மாசம் கோழிக்கறின்னு ஹாஸ்டல் வார்டன் சொல்லிட்டாரு. தெனமும் கத்தரிக்காய் சாம்பார் குடிச்ச பயலுவ, விடுவமா? ஒரு லட்சம் பேரு கூடிட்டாங்க."

ரிட்டையரான தபால்காரர் சாகுல் பாய் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்பம் ஊர்லயே அவ்வளவு ஆளு கெடையாதுவே."

"பக்கத்து ஊர்க்காரன் வரமாட்டானா? கேளும். கடைசி நிமிசம். ஒண்ணுக்கு ஒண்ணு. பந்து எங்கிட்ட வருது. முன்னால ஆறு பேரு மறிச்சு நிக்கான். மேல மட்டுந்தான் காலி. விட்டேன் பாரும் ஒரு உதை! பனைமர ஒசரம் போச்சு, பருந்து ஒசரம் போச்சு, புள்ளியாச்சு, அப்புறம் அதையும் காணும்."

"எப்பம் கீழ வந்துச்சு?"

"நான் உதைச்சது வியாழக்கிழமை. வந்தது ஞாயித்துக்கிழமை காலைல."

மாடக்கண்ணு சவரம் செய்துகொண்டிருந்த கன்னத்திலிருந்து கத்தியை எடுத்துவிட்டான். "அண்ணாச்சி, சிரிச்சா கை ஆடுது. ஒரு ஆளோட காது போயிரும்."

"ரெஃபரி விசில் ஊதமாட்டேன்னுட்டாரு. பந்து ஆட்டத்துலல்லா இருக்கு! இருவத்திரண்டு பேரும் நின்ன எடத்துலயே சாப்பிட்டோம். வெள்ளிக்கிழமை கெமிஸ்ட்ரி பரீட்சை. வாத்தியாரு கோட்டுக்கு வெளிய நின்னு கேள்வியை வாசிக்காரு, நாங்க உள்ள நின்னு எழுதுதோம்."

"பாஸா?" என்றேன் நான்.

"ஃபெயிலு. பொய் சொல்லக்கூடாதுல்லா."

அப்போது நெட்டையான பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். புது வேட்டி, கையில் கல்யாண வீட்டு மஞ்சப்பை. சவரத்துக்கு என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். புது ஆள் கிடைத்ததும் அண்ணாச்சியின் குரல் இன்னும் ஏறியது.

"ஞாயித்துக்கிழமை பந்து எறங்குது. ஒரு பக்கம் பூரா பனிக்கட்டி. மறுபக்கம் கொக்கு கூடு கட்டி, ரெண்டு குஞ்சு பொரிச்சிருக்கு."

"மூணு நாள்லயா?" என்றார் சாகுல் பாய்.

"மேல சூரியன் பக்கமில்லா, சூடு சாஸ்தி."

"பனிக்கட்டின்னீரே?"

"அது நிழல் பக்கம்வே! மதுரைக் கீப்பர் நின்னுக்கிட்டே தூங்குதான். பந்து அவன் தலைக்குப் பின்னால விழுந்து, உருண்டு, வலைக்குள்ள. கோல்! கப்பு நமக்கு!"

பெரியவர் தொண்டையைச் செருமினார். "ஒம்போதாம் நம்பர் ஞானதிரவியமா?"

"ஆமா. நீங்க?"

"பரமேஸ்வரன். மதுரை. அன்னைக்குக் கீப்பர் நான்தான்."

மாடக்கண்ணுவின் கத்தி நின்றது. அண்ணாச்சியின் முகத்தில் ரத்தம் இல்லை. ஐம்பது வருஷமாக இந்த ஊரில் சொல்லி வளர்த்த கதை. சாகுல் பாய் பேப்பரை நாலாக மடித்து வைத்தார். "சார், நீங்களே சொல்லுங்க. இவரு சொல்லுதது..."

"அத்தனையும் நெசம்," என்றார் பெரியவர். "வியாழக்கிழமை போச்சு, ஞாயித்துக்கிழமை வந்துச்சு. கொக்குக்குஞ்சு ரெண்டு. என் கண்ணால பாத்தேன்."

அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆனா நான் தூங்கல. பந்தைப் புடிச்சிட்டேன்."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். பொய் என்று சொல்ல வழியில்லை. மூடிக்கொண்டார்.

"புடிச்சு, குஞ்சுகளைப் பத்திரமா புல்லுல எறக்கி விட்டுட்டு, அங்கேயிருந்து திருப்பி நான் ஒரு உதை விட்டேன்," என்றபடி பெரியவர் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, முகத்தைச் சோப்புக்குக் காட்டினார். "அதுதான் இன்னும் எறங்கல."

சாகுல் பாய் மெதுவாக எழுந்து வாசலுக்குப் போய், கண்ணுக்கு மேல் கையை வைத்து வானத்தைப் பார்த்தார்.