பத்தாவது டோக்கன்

காங்கேய சாமிக்குக் கோபம் அதிகம். சாமியார் என்றால் சாந்தமாக இருப்பார் என்று நம்பி மலையடிவாரத்து மடத்துக்கு வருகிறவர்கள் முதல் நாளே ஏமாந்துபோவார்கள். செருப்பைக் கண்ட இடத்தில் விட்டால் கத்துவார். இலையில் சோற்றை மிச்சம் வைத்தால் இன்னும் பலமாகக் கத்துவார்.

ஆனால் அந்தி மணி அடித்துவிட்டால் அவரும் வாயைத் திறக்கமாட்டார். மடத்தை நிறுவிய பெரியவர் போட்டுவிட்டுப் போன விதி அது. மணி அடித்ததிலிருந்து விடியும்வரை மௌனம். சாமியார், சமையல்காரர், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர், யாரும் பேசக்கூடாது.

அவருடைய சீடர் வேணுகோபால் வயதில் அவருக்கு மூத்தவர். ஜனங்களுக்கு எந்த சோப்பு பிடிக்கும், எந்தப் பற்பசை பிடிக்கும் என்று கேட்டறிந்து கம்பெனிகளுக்குச் சொல்லும் வேலையில் சென்னையில் காலம் தள்ளியவர். மூத்தவர் என்பதால் சாமி அவரை 'சார்' என்பார். கோபத்திலும் 'சார்'தான். திட்டுவதைவிட அது மோசமாக இருக்கும்.

ஒருநாள் பிற்பகல் வேணுகோபால் வந்து நின்றார்.

"சாமி, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திடலாம். நாளைக்குக் காலையில டிரஸ்ட் கூட்டம். நீங்க சரின்னு சொன்னா முடிஞ்சுது."

"நிறுத்தச் சொல்லி யாரு சொன்னா?"

"ஜனங்க சொன்னாங்க. நான் கேட்டேன்."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும் கேட்கணும்னு இல்ல சாமி. ஒழுங்கா எடுத்தா கொஞ்சப் பேரே போதும். சாப்பாட்டு டோக்கன்ல பத்தாவது டோக்கன் யார் கைக்குப் போகுதோ அவரைக் கேட்டேன். அப்புறம் இருபதாவது. சிரிச்ச முகமா பார்த்துப் பொறுக்கல, தெரிஞ்சவங்களைத் தேடிப் போகல. ஒரு மாசம் இப்படித்தான் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"முக்காவாசிப் பேருக்கு மேல ராத்திரிச் சாப்பாடு தேவையில்லன்னுட்டாங்க. ராத்திரிப் பந்தி நடக்கிற கூடத்துல தேனும் மூலிகை எண்ணெயும் விக்கிற கடை வச்சா வாங்குவோம்னாங்க. அந்த வருமானத்துல நம்ம ஆஸ்பத்திரிக்குக் கூரை மாத்திடலாம் சாமி."

வேணுகோபால் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகுவது அவருக்கு உண்மையாகவே தாங்கவில்லை.

சாமி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"டோக்கன் எப்போ குடுக்குறோம்?"

"பகல்ல."

"ராத்திரிக்கு?"

"ராத்திரிக்கு ஏது சாமி டோக்கன்? கவுண்டர்ல ஆள் உட்கார்ந்து பேசணுமே. மௌனமாச்சே."

"அப்ப ராத்திரி சாப்பிடுறவங்க?"

"பெருசா யாரும் வர்றதா தெரியல. பக்கத்துலதான தியான அறை? தினமும் உட்கார்ந்திருக்கேன். கூடத்துல ஒரு சத்தம் கேட்டதில்ல."

சாமியின் முகம் சிவந்தது.

"தினமும் அண்டா அண்டாவா அரிசி வேகுதே. அது எங்க போகுது?"

"மிஞ்சினதை மாட்டுக்கு வைக்கிறாங்கன்னு நினைச்சேன்."

"மாட்டுக்கு."

"சாமி, கொஞ்சப் பேரை வச்சு எல்லாரையும் தெரிஞ்சுக்க முடியாதுங்கறீங்களா?"

"முடியும் சார்."

"அப்புறம் நான் செஞ்சதுல என்ன தப்பு?"

சாமி விருட்டென்று எழுந்து சமையல் கட்டுக்குப் போனார். வழக்கம்போலச் சமைக்கச் சொன்னார். எல்லாம் வெந்து இறக்கியதும் சமையல்காரரை வெளியே வரச் சொல்லி, கூடத்தின் கதவை இழுத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"யாரும் வரமாட்டாங்கள்ல? வாசல்ல நில்லுங்க சார்."

அவரே போய் அந்தி மணியை அடித்தார். பிறகு மணிக்கம்பத்தின் கீழே கிடந்த கல்லில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பசித்து வருகிறவர்களை வைத்தா பாடம் நடத்துவது என்று கேட்டால், தப்புதான். கோபத்தில் செய்கிற காரியம் பின்னே எப்படி இருக்கும்.

முதலில் புளி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள். கதவில் பூட்டைப் பார்த்தார்கள். வேணுகோபாலைப் பார்த்தார்கள். விதி தெரிந்தவர்கள், ஒன்றும் கேட்கவில்லை. வெறும் தரையில், கூடத்தில் உட்காருவதுபோலவே வரிசையாக உட்கார்ந்தார்கள். பகலெல்லாம் சீப்பு விற்றவர் ஒருவர் வந்தார். காலில் கட்டுப்போட்ட கிழவர் ஒருவர் நொண்டிக்கொண்டே வந்தார். அதன்பின் கல்குவாரிப் பெண்கள் கும்பலாக வந்தார்கள். தலைமயிரெல்லாம் கல்தூசு. இத்தனை பேர் வந்தும் சின்ன இருமல்கூட இல்லை. தியான அறைக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

வேணுகோபாலுக்குப் பழக்கதோஷம். அந்த நிலையிலும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். பத்தாவதாக வந்த பெண் உட்காரவில்லை. கையில் தூக்குவாளியோடு நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

பூட்டைக் காட்டி, என்ன இது என்பதுபோலக் கையை விரித்தாள். தூக்குவாளியைத் தட்டிக் காட்டினாள். குவாரி இருக்கும் திசையைக் காட்டி, கன்னத்தில் கைவைத்துத் தலையைச் சாய்த்தாள். யாரோ படுத்துக் கிடக்கிறார்கள். பிறகு விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள்.

வேணுகோபாலுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததைச் சொல்லத்தான் வாயில்லை. வேகமாகச் சாமியிடம் போய்க் கையை நீட்டினார். சாமி தலையை ஆட்டி மறுத்தார். வேணுகோபால் கைகூப்பினார். சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பின்னாலேயே அந்தப் பெண்ணும் வந்துவிட்டாள்.

"என்னய்யா வெளையாட்டு இது?"

உட்கார்ந்திருந்தவர்கள் பதறிப்போய் வாயில் விரலை வைத்துக் காட்டினார்கள்.

"சும்மா இருங்க எல்லாரும்!" அவள் அவர்கள் பக்கம் திரும்பிக் கத்தினாள். "பேசாம தின்னு தின்னுதான் இன்னைக்குப் பூட்டிப்புட்டாக. வீட்டுல எம்புருசன் இடுப்பொடிஞ்சு கெடக்காரு. குவாரிக் கல்லு விழுந்து. ரெண்டு வயிறு இந்தச் சோத்தை நம்பிக் கெடக்கு. இன்னைக்குப் பூட்டு. நாளைக்கு என்ன செய்யச் சொல்றீக?"

வேணுகோபாலுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"சாவியைக் குடுங்க சாமி!"

மடத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒரு அந்தியிலும் பேசியதில்லை. சாமியும் எழுந்துவிட்டார். அவர் குரல் மலையில் மோதித் திரும்பியது.

"என்கிட்ட ஏன் சார் கேக்குறீங்க? உங்க ஜனங்கதான் வேண்டாம்னுட்டாங்களே!"

"அவங்க வேற சாமி! சாயங்கால பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுறவங்க. இவங்கள்ல ஒருத்தரைக்கூட நான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

பதில் சொன்னது அந்தப் பெண்தான்.

"அவரு கேக்கல, சரி. நீங்க கேட்டீகளா சாமி?"

சாமி திரும்பினார்.

"தெனம் இந்தக் கல்லுல உக்காந்து நாங்க போறதையும் வாறதையும் பாக்கீகல்ல? எம்பேரு தெரியுமா உங்களுக்கு? எங்கள்ல யாரு பேராச்சும் தெரியுமா? மணி அடிச்சாப் பேசக்கூடாது. மணி அடிக்கங்காட்டியும் நாங்க வரமுடியாது, குவாரியில விடமாட்டாக. பெறகு எப்பத்தான் பேசுறது?"

ஊரே பயப்படும் சாமி முதன்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வெட்கம் மட்டும் முகத்தில் அப்பிக் கிடந்தது.

"உங்க பேரு என்னம்மா?"

"மொதல்ல சோத்தப் போடுங்க. பேரை அப்புறம் சொல்றேன்."

சாமி போய்ப் பூட்டைத் திறந்தார்.

அன்றைக்குப் பந்தியில் சாமி சோறு போட்டார், வேணுகோபால் ரசம் ஊற்றினார். முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சீப்பு விற்பவர், கூட்டில் உப்பு கூட என்று மெல்லச் சொன்னார். இன்றைக்கு மட்டுமா என்று வேணுகோபால் கேட்டார். என்றைக்குமே கூடத்தான் என்றார் அவர். பகலில் பத்தாவது டோக்கன்காரர்கள் எல்லோரும் கூட்டு பிரமாதம் என்று சொல்லியிருந்தார்கள். கிழவர் தன் காலுக்கு மருந்து கேட்டார். ஆஸ்பத்திரி பகலில் மட்டும் திறந்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதே இல்லை.

அந்தப் பெண் சாப்பிட்டு முடித்து, தூக்குவாளியை நிரப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வெள்ளத்தாயி" என்றாள். நிற்காமல் நடையைக் கட்டினாள்.

கூடத்தைக் கழுவிவிடும்போது வேணுகோபால் சாமியின் பக்கத்தில் வந்தார்.

"டிரஸ்ட் கூட்டத்துல நானே சொல்லிடுறேன் சாமி. ராத்திரிச் சாப்பாடு நடக்கும்."

சாமி துடைப்பத்தை நிறுத்தவில்லை.

"ஆனா மௌனம் முறிஞ்சுபோச்சே. பெரியவர் போட்ட விதி. நாளைக்கு அந்தி மணி அடிக்கணுமா, வேண்டாமா?"

"அடிங்க சார்" என்று சாமி எரிந்து விழுந்தார். "சோறு வெந்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"