ராகு காலமும் மூன்றாம் பக்கமும்

கல்யாண மண்டபங்களுக்கு இணையத்தில் முன்பதிவு செய்து தரும் கம்பெனி அது. இனி ராகு காலத்தில் முன்பதிவே நடக்கக் கூடாது என்றார் முதலாளி.

"சர்வரையே மாத்தணும். மூணு மாசம் ஆகும்," என்றார் தலைமைக் கணினி நிபுணர் தாண்டவராயன்.

"நாளைக்கே முடிச்சிடலாம் சார்," என்றாள் ஒப்பந்த ஊழியர் பூங்கோதை.

தாண்டவராயனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் சர்வர்ல ஒரு வரியைக்கூடத் தொடாம செஞ்சு காட்டு. இல்லேன்னா வேலையை விட்டுடு!"

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்கு முதலாளி முன்பதிவுப் பட்டனை அழுத்தினார். 'இப்போது ராகு காலம். பன்னிரண்டுக்கு மேல் வாருங்கள்' என்றது திரை.

"என் சர்வரைத் தொட்டுட்டா!" என்று கத்தினார் தாண்டவராயன்.

"இல்லையே சார். பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தனி ஃபோல்டர்ல போட்டேன். சர்வரே அதை எடுத்துக்கிச்சு. அப்படிச் செய்யலாம்னு சர்வர் கையேட்டுல மூணாம் பக்கத்துலயே இருக்கு."

"எந்த முட்டாள் எழுதின கையேடு அது?"

பூங்கோதை கையேட்டின் அட்டையைத் திருப்பி முதலாளியிடம் காட்டினாள். அதில் கோட்டும் சூட்டுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார் தாண்டவராயன்.