ஒரு நாக்குக்கு இரண்டு கத்தி

நாக்கு ஒன்று. அறுக்க வந்த அரசாங்கம் இரண்டு. கதை அவ்வளவுதான். மிச்சத்தையும் சொல்லித் தொலைக்கிறேன்.

செண்பகராயர் என்று ஒரு சிற்றரசர். அவருக்கு மேலே ஒரு சக்கரவர்த்தி, எங்கோ வடக்கே. சக்கரவர்த்தியின் ஆளாகத் தளவாய் உத்தண்டர் கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஊருக்கு இரண்டு சட்டம், இரண்டு சிறை. ஆற்றுக்குப் பாலம் மட்டும் ஒன்று. அதுவும் உடைந்துவிட்டது. உங்கள் பாலம் என்றார் இவர். இல்லை, உங்களுடையது என்றார் அவர். பலகை போட ஆளில்லை. காவலுக்கு மட்டும் இருந்தார்கள். இந்தக் கோடியில் அரசரின் காவலன், அந்தக் கோடியில் சக்கரவர்த்தியின் காவலன். நடுவில் ஓட்டை.

உப்பு வண்டிக்காரன் பிச்சாண்டியின் மாடு அந்த ஓட்டையில் விழுந்து செத்தது. வயிறெரிந்து ஏதோ சொன்னான். ஒரே பேச்சில் அரசரையும் இழுத்தான், சக்கரவர்த்தியையும் இழுத்தான். காவலர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். என்ன சொன்னான் என்று கேட்டால், "வாயால் சொல்லக்கூடியது இல்லை" என்றார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் இரண்டு சட்டமும் ஒன்று. ஆள்பவரைப் பழித்துச் சொன்னாலும், அதைத் திருப்பிச் சொன்னாலும், எழுதிக் காட்டினாலும் நாக்கு போகும். அவரவர் சேவகர் கடமைக்காகச் சொன்னால் அவரவர் சட்டம் விட்டுவிடும். அடுத்தவர் சேவகரை விடாது.

பிச்சாண்டிக்காகப் பேச வேண்டியவர் அரண்மனை வக்கீல் வில்வநாதர். அவருக்குச் சம்பளம் கொடுப்பது அரண்மனை. அவர் ஜெயித்தால் தோற்பதும் அரண்மனை. அப்படி ஒரு உத்தியோகம்.

சிறைக்குப் போய் அவனைப் பார்த்தார்.

"ரொம்ப வலிக்குமாங்க சாமி?"

"வாயை மூடினால் வலிக்காது. சபையில் யார் என்ன கேட்டாலும் திறக்காதே."

"ராஜாவே கேட்டா?"

"இன்னும் இறுக்கி மூடு."

சபை கூடியது. அரசரும் தளவாயும் பக்கத்துப் பக்கத்து ஆசனம். எடுத்த எடுப்பில் சண்டை.

"முதல் வெட்டு சக்கரவர்த்திக்கு" என்றார் தளவாய்.

"என் ஊரில் என் கத்திதான் முதலில்" என்றார் அரசர்.

"இருக்கிறது ஒரு நாக்கு. நீங்கள் வெட்டிவிட்டால் நான் எதை வெட்டுவது?"

வில்வநாதர் எழுந்தார். "கத்தியைப் பிறகு பார்க்கலாம். குற்றத்தைச் சபையறியச் சொல்லிவிட்டுத்தான் தண்டனை. இரண்டு நியாயசபைக்கும் அதுதான் வழக்கம். இவன் சொன்னது என்ன?"

அரசரின் காவலன் முன்னால் வந்தான். வாயைத் திறந்தான்.

"கொஞ்சம் பொறு தம்பி" என்றார் வில்வநாதர். "நீ அரசரின் ஆள். அரசர் சட்டம் உன்னை விட்டுவிடும். தளவாய் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொள்."

அரசர் தளவாயைப் பார்த்தார். "இவனை மட்டும் விட்டுவிடுங்களேன்."

"சக்கரவர்த்தியின் சட்டத்துக்கு விலக்கு கிடையாது."

காவலன் வாயை மூடிக்கொண்டான். "எனக்கு அன்னைக்குக் காது அடைச்சிருந்தது சாமி" என்றான்.

சக்கரவர்த்தியின் காவலன் வந்தான். இப்போது தளவாய் அரசரைப் பார்த்தார்.

"என் சட்டத்துக்கும் கிடையாது" என்றார் அரசர். குரலில் தேன்.

அவனுக்கும் காது அடைத்துவிட்டது.

அரசர் பிச்சாண்டியிடமே திரும்பினார். "நீயே சொல்லடா. எப்படியும் போகப்போகிற நாக்குதானே."

பிச்சாண்டி உதட்டைக் கடித்துக்கொண்டு வில்வநாதரைக் காட்டினான்.

குற்றவாளி இருக்கிறான், சாட்சி இருக்கிறது, கத்தி இரண்டு இருக்கிறது. குற்றத்தைத்தான் காணோம். அரசருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன்னைப் பற்றி ஒருவன் என்னவோ சொல்லியிருக்கிறான். அது என்னவென்று தெரியாமல் எப்படிச் சோறு இறங்கும்? தளவாயும் மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். சக்கரவர்த்தியின் முத்திரை மோதிரம்.

"வில்வநாதரே, வழி சொல்லும்" என்றார் அரசர்.

"ஒருவர் விலக்குக் கொடுத்தால் அவர்தான் பணிந்தார் என்று ஊர் பேசும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சட்டத்தையே எடுத்துவிட்டால் யாரும் பணியவில்லை."

இரண்டு முத்திரையும் ஒரே மூச்சில் விழுந்தன. அந்தச் சட்டம் ஒழிந்தது.

"இப்போது சொல்லப்பா" என்றார் வில்வநாதர்.

பிச்சாண்டி கையைக் கட்டிக்கொண்டான். "ரெண்டு அரசாங்கத்துக்கும் சேத்துப் புடுங்குறதுக்கு நாலு கை இருக்கு, யோசிக்க ஒரு தலைகூட இல்லைன்னேன் சாமி."

அரசர் முகம் சிவந்தது. வில்வநாதர் அவசரப்படவில்லை.

"மகாராஜா, அவன் சொன்னபோது அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. இப்போது பொய். இருவரும் யோசித்து ஒரு வேலை செய்துவிட்டீர்கள். சபையே பார்த்தது."

"அப்படியானால் பொய் சொன்னதற்காக நாக்கை அறுக்கலாமே?"

"சட்டத்தை இப்போதுதானே எடுத்தீர்கள்."

அரசர் சிரித்தார். அவர் சிரித்த பிறகு தளவாயும் சிரித்தார். தன் சால்வையை எடுத்து வில்வநாதர் தோளில் போட்டார் அரசர். "இன்னும் என்ன வேண்டும்? கேளும்."

"அந்தப் பாலத்தைக் கட்டிக்கொடுங்கள்."

சிரிப்பு நின்றது. அரசர் தளவாயைப் பார்த்தார்.

"அது உங்கள் பாலம்தானே?" என்றார்.

"எங்களுடையதா? யார் சொன்னது? உங்களுடையது."

பிச்சாண்டி வாயைத் திறந்தான். வில்வநாதர் புதுச் சால்வையாலேயே அதைப் பொத்தினார்.

"மூடு. சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள்."