சங்கத்து முழக்கோல்

தும்பைநாட்டை மகுடசிங்க ராஜா ஆண்ட காலத்தில், கல்லின்மேல் கல் வைக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒரு சங்கம் இருந்தது. கட்டட வித்தகர் சங்கம் என்று பெயர். அதில் சேர்ந்தால் பட்டுத் துண்டு உண்டு, பட்டம் உண்டு, மாதம் ஒரு விருந்தும் உண்டு. இவ்வளவும் இருக்கும்போது வேலைக்கு எங்கே நேரம் இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

ஐப்பசி பிறக்க இருபதே நாள். பெரிய ஏரியின் மதகுக் கதவு உளுத்துப்போய், தண்ணீர் கரையை அரித்துக்கொண்டிருந்தது. இந்த நிலையில் மழையும் பிடித்தால் கரை உடைந்து, கீழே இருக்கும் மூன்று ஊரும் போய்விடும். சங்கத்தார் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கதவு செய்தார்கள். மூன்றும் மதகின் வாயில் நிற்காமல் தண்ணீரோடு போய்விட்டன. மூன்று தடவையும் மேளதாளத்தோடுதான் இறக்கினார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

அந்த ஏரிக்கு நீர்க்கட்டி வேலாயி. மதகைத் திறக்கிறதும் அடைக்கிறதும் அவள் குடும்பத்து வேலை. கூத்தையெல்லாம் பார்த்துச் சலித்துப்போய், வைக்கோலும் களிமண்ணும் பிசைந்து அவளே மதகை அடைத்துவிட்டாள். தண்ணீர் நின்றது. சங்கத்தாருக்கு வந்ததே கோபம்.

சங்கத் தலைவர் கோபுரநாத வித்தகர் சபைக்கு வந்து முறையிட்டார். "மகாராஜா, சங்கத்தில் சேராதவள் மதகைத் தொட்டிருக்கிறாள். அவள் கைபட்ட தோஷத்தால்தான் எங்கள் கதவு நிற்கவில்லை. அவளை நாடு கடத்த வேண்டும்."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல், இவர்களுக்கு வேலாயி கோணல்.

வேலாயி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "என்னை அனுப்பறதுன்னா அனுப்புங்க சாமி. ஆனா அந்தக் களிமண்ணை ரெண்டு நாளைக்கு ஒருதரம் மிதிச்சுக் கொடுக்கணும். இவங்கள்ல யாரு சேத்துல இறங்குவாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

ராஜாவுக்குத் தர்மசங்கடம். போன மாதம்தான் சங்கத்தார் அவருக்கு 'மகா வித்தகர்' என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். பட்டம் வாங்கின கையோடு எப்படி எதிர்த்துப் பேசுவது? பக்கத்தில் இருந்த அம்பலத்தாடியைப் பார்த்தார். அரண்மனையில் ராஜாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுத் தலையோடு வீடு திரும்புகிற ஒரே ஆள் அவன்தான்.

"அம்பலத்தாடி, பேசாமல் இவளும் அந்தச் சங்கத்தில் சேர்ந்துவிட்டால் என்ன? சேருவதால் பலன் உண்டா, இல்லையா?"

"வாயில் போட்டுப் பார்க்காமல் உப்பு உண்டா இல்லையா என்று எப்படிச் சொல்வது மகாராஜா? நானே சேர்ந்து பார்க்கிறேன். மூன்று நாள் கொடுங்கள்."

அம்பலத்தாடி ஜன்மத்தில் ஒரு செங்கல்லைத் தொட்டதில்லை. சங்கத்தில் அதை யாரும் கேட்கவும் இல்லை. ராஜாவுக்கு வேண்டியவன் என்பதே போதுமாக இருந்தது. மாலை போட்டார்கள், துண்டு போர்த்தினார்கள், ஒரு முழம் அளக்கிற, பித்தளைப் பூண் போட்ட முழக்கோல் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அவன் அதைத் தலைவரின் கோலோடு சேர்த்து வைத்துப் பார்த்தான்.

"ஐயா, என்னுடையது குட்டையாக இருக்கிறதே?"

கோபுரநாதர் சிரித்தார். "நீர் புதுசு அல்லவா? உம்முடையது இருபத்துநாலு விரல். ஒவ்வொரு பதவி ஏறும்போதும் கோலில் ஒரு விரல் கூட்டுவோம். நான் எட்டுப் பதவி ஏறியவன், என்னுடையது முப்பத்திரண்டு. எல்லார் கோலும் ஒரே நீளம் என்றால் பெரியவனுக்கு என்ன மரியாதை?"

"ரொம்ப நியாயம். மதகை அளந்தது யார்?"

"நான்தான். இரண்டு முழம்."

"பலகை அறுத்தது?"

"போன வருஷம் சேர்ந்த தச்சன். அவனும் இரண்டு முழம்தான் அறுத்தான். ஒரு நூல் பிசகவில்லை."

அம்பலத்தாடி அவரைக் கும்பிட்டுவிட்டு, விருந்தையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்தான்.

நாலாம் நாள் சபை கூடியது. "மகாராஜா, வேலாயி விவகாரத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஆசை. தங்கள் திருமேனியின் உயரத்தை நம் வித்தகர்கள் அளந்து காட்ட வேண்டும்" என்றான் அம்பலத்தாடி. ராஜா நல்ல உயரம். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. உடனே எழுந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

புதுசாகச் சேர்ந்த தச்சன் அளந்தான். "நாலு முழம்." ராஜாவுக்கு வாயெல்லாம் பல். நாலு பதவி ஏறிய ஒருவர் அளந்தார். "மூன்றரை முழத்துக்குக் கொஞ்சம் குறைவு." ராஜா குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். கடைசியில் கோபுரநாதர் அளந்தார். கோலைத் திருப்பிப் பிடித்து இன்னொரு தரமும் அளந்தார்.

"சொல்லும்" என்றார் ராஜா.

"மூன்று... மூன்று முழம் மகாராஜா."

"காலையில் எழுந்து வந்தவன் இதற்குள் ஒரு முழம் குட்டையாகிவிட்டேனா?"

"தாங்கள் அப்படியேதான் இருக்கிறீர்கள்" என்றான் அம்பலத்தாடி. "அளக்கிறவர் பதவி உயர உயர, அளக்கப்படுகிறவர் குட்டையாகிவிடுகிறார். இந்தச் சங்கத்து வழக்கம் அது. மதகை அளந்தது பெரிய கோல், பலகையை அறுத்தது சின்னக் கோல். கதவு எப்படி நிற்கும்?" இரண்டு கோலையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினான்.

ராஜாவின் முகம் சிவந்தது. "வேலாயி, நீ எதை வைத்து அளப்பாய்?"

"கயிறுதான் சாமி. மதகுல வெச்சு முடிச்சுப் போடுவேன். அந்த முடிச்சுக்குப் பலகையை அறுக்கச் சொல்லுவேன். எத்தனை முழம்னு எனக்குத் தெரியாது."

அன்றைக்கே அவள் கயிறு பிடித்தாள், தச்சன் அறுத்தான். மேளம் இல்லை, தாளம் இல்லை. கதவு போய்க் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி வழிந்தபோதும் அசையவில்லை. மூன்று ஊரும் பிழைத்தன.

ராஜா சபையைக் கூட்டினார். "வேலாயிக்கு ஏரிக்கரையில் நூறு முழ நீளம், நூறு முழ அகலத்தில் நிலம் தருகிறேன். கணக்கரே, போய் அளந்து விடும்."

"பொறுங்கள் மகாராஜா," என்று அம்பலத்தாடி எழுந்தான். "சங்கத்தால் பலன் உண்டா என்று அன்றைக்குக் கேட்டீர்கள். தாராளமாக உண்டு, ஆனால் சேராதவர்களுக்கு. நிலத்தைத் தலைவர் கோலால் அளக்கச் சொல்லுங்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோபுரநாத வித்தகர் பட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சேற்றில் இறங்கி அளந்து கொடுத்தார்.