மணி அடிக்கும் வரை

"பன்னிரண்டு வருஷமாக் கட்டிக் காத்த பள்ளிக்கூடம், தாயே. நாலு நாள் வெள்ளத்துல எல்லாம் போயிடுச்சு."

தாண்டவராயர் இதைச் சொன்னபோது அம்மை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடியில் ஒரு பித்தளைத் துண்டை வைத்துக்கொண்டு புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஓடக்கரை மடத்துக்கு அம்மைதான் தலைவி. வயது நாற்பதுகூட இருக்காது. தாண்டவராயருக்கு அறுபது நெருங்குகிறது. மடத்துப் பள்ளிக்கு வாத்தியாரும் அவர்தான், அம்மைக்குச் சீடரும் அவர்தான். இளையவரிடம் போய் ஞானம் கேட்கிறாரே என்று ஊரில் கேலி பேசாதவர் இல்லை. மனிதர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பிடித்த பிடியை விடாதவர்.

இன்றைக்கு அவருக்கு எந்தப் பிடியும் அகப்படவில்லை.

நடந்தது இதுதான். பள்ளிப் பிள்ளைகள் பதினாலு பேரும் ஆற்று நடுவே இருக்கும் திட்டுக்கு விறகு பொறுக்கப் போனார்கள். இறக்கிவிட்ட ஓடக்காரர் இக்கரை வந்து சேர்ந்தாரோ இல்லையோ, வெள்ளம் வந்துவிட்டது. நாலு நாள் ஆற்றில் ஓடம் இறங்க முடியவில்லை.

ஐந்தாம் நாளான இன்று காலை போய்ப் பார்த்தால், பிள்ளைகள் முகமெல்லாம் சேறு. கையில் கூராகச் சீவிய மூங்கில். எல்லாரிலும் சின்னவனான ஆறு வயதுக் கொழுந்தைப் பனைமரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவன் முழங்கால்வரை தண்ணீர்.

கட்டியவன் வெள்ளியப்பன். பன்னிரண்டு வயது. இருக்கிற பிள்ளைகளிலேயே நல்ல பிள்ளை என்று தாண்டவராயர் பத்து பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டவன்.

"விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும், தாயே? நான் பிள்ளைங்க மேல கைவச்சதே இல்லை. ஒழுக்கத்தைத் தவிர வேறெதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை."

"அந்தப் பையன் இப்ப எங்க?"

"தூணுல கட்டிவச்சிருக்கேன். சாயங்கால மணி அடிச்சதும் அவுத்து, ஓடத்துல ஏத்தி அனுப்பிடலாம்னு இருக்கேன்."

"எங்க அனுப்புவீங்க? அவனுக்குத் தாய் தகப்பன் இல்லையே."

"மிருகத்தைப் பிள்ளைங்களோட வச்சுக்க முடியாது. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார் தாண்டவராயர்.

"எந்தப் பொழுதுல மிருகமானான்?"

"தாயே?"

"நாலு நாள் அங்க இருந்தாங்களே. எந்த நாள், எந்தப் பொழுதுல மாறினாங்கன்னு கேட்டுட்டு வாங்க, வாத்தியாரே. அப்புறம் அனுப்பலாம்."

இது என்ன பெரிய காரியம் என்று எழுந்தார் தாண்டவராயர்.

முற்றத்தில் பவளக்கொடி இருந்தாள். பத்து வயது, பொய் சொல்ல வராத பெண்.

"முதல் நாள் என்ன செஞ்சீங்க?"

"வரிசையா நின்னு எண்ணினோம் ஐயா. பதினாலு. அப்புறம் தேவாரம் பாடினோம்."

"தலைவன்னு வெள்ளியப்பனை யார் வச்சது?"

"நீங்கதான் ஐயா. நீங்க இல்லாதப்ப சட்டாம்பிள்ளை சொல்றதைக் கேக்கணும்னு சொல்லியிருக்கீங்களே."

தாண்டவராயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"முகத்துல ஏன் சேறு?"

"கொசு ஐயா."

"மூங்கில்?"

"பாம்பெல்லாம் மேட்டுக்கு வந்துடுச்சு ஐயா."

"சரி, ரெண்டாம் நாள்?"

"காவல் குடிசையில ஒரு வாழைத்தாரும் தீப்பெட்டியும் இருந்துச்சு. சின்னவங்களுக்கு முதல்ல பழம் கொடுத்தோம். புகை தெரிஞ்சா ஓடம் வரும்னு தீ மூட்டினோம். முறை போட்டுப் பார்த்துக்கிட்டோம். மூணாம் நாள் விடியக்காலை கொழுந்து முறை. அவன் தூங்கிட்டான். தீ அணைஞ்சுபோச்சு. தீக்குச்சியும் தீர்ந்துபோச்சு."

இதோ வந்துவிட்டது என்று தாண்டவராயர் குனிந்தார்.

"அப்பக் கோபம் வந்து அடிச்சீங்களா?"

"இல்லை ஐயா. யாரும் யாரையும் அடிக்கலை."

அடித்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மனிதருக்கு இப்போது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

அடுக்களையில் கொழுந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் இன்னும் தடம் சிவந்திருந்தது. அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"எப்பத் தம்பி அவங்க கெட்டவங்களா ஆனாங்க?"

"யாரு ஐயா?"

"உன்னைக் கட்டினாங்களே, அவங்க."

கொழுந்து யோசித்தான். "நான் தூங்கிட்டேன்ல. அதான் கட்டினாங்க. பள்ளிக்கூடத்துல கட்டுற மாதிரிதான்."

"அப்புறம் ஏன் அவுத்துவிடலை?"

"தெரியலை ஐயா. வெள்ளியப்பண்ணன் பழம் ஊட்டிவிட்டுச்சு. பக்கத்துலயே நின்னு அழுதுச்சு. அவுத்து மட்டும் விடலை."

தாண்டவராயர் நேராகத் தூணுக்குப் போனார். அவருடைய துண்டாலேயே கட்டப்பட்டு வெள்ளியப்பன் நின்றுகொண்டிருந்தான். இவரைக் கண்டதும் இன்னும் நிமிர்ந்து நின்றான். அது அவர் பழக்கியது.

"தண்ணி ஏறுதுன்னு உனக்குத் தெரியலையாடா?"

"தெரிஞ்சுது ஐயா."

"அவன் அழுறது?"

"தெரிஞ்சுது ஐயா."

"அப்புறம் ஏன்டா பாவி அவுக்கலை?"

வெள்ளியப்பன் அவரை ஏறிட்டுப் பார்த்தான். கேள்வி அவனுக்கு விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மணி அடிக்கலையே ஐயா."

"என்ன மணி?"

"சாயங்கால மணி. அது அடிக்கறதுக்கு முன்னாடி யார் அவுத்தாலும் அவங்களையும் சேர்த்துக் கட்டுவேன்னு நீங்கதானே சொல்லுவீங்க. காத்து அந்தப் பக்கம் அடிச்சா மடத்து மணி திட்டுக்குக் கேக்கும் ஐயா. மூணாம் நாள் சாயங்காலம் எல்லாரும் கரையில நின்னு காதைக் கொடுத்துக் கேட்டோம். நாலாம் நாளும் நின்னோம். வரலை."

வரவில்லைதான். எப்படி வரும்? பிள்ளைகளை ஆறு கொண்டுபோய்விட்டதோ என்று நடுங்கிக் கிடந்த நாலு நாளும் தாண்டவராயர் மணிப்பக்கம் போகவே இல்லை. பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கு எதற்கு மணி என்று ஓடக்காரரிடம் சொல்லி அழுதது நினைவு இருக்கிறது.

அவர் அம்மையிடம் திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அம்மையின் மடி காலியாக இருந்தது.

"அந்தப் பொழுது கிடைச்சுதா?"

"இல்லை தாயே. நாலு நாளையும் புரட்டிப் பார்த்துட்டேன். எங்கயும் மாறலை. எல்லாம் நான் சொன்னபடிதான் நடந்திருக்கு. ஆனா பச்சைப்பிள்ளை தண்ணியில நின்னிருக்கான். எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை."

"சரி."

"அவனை அனுப்பவா, வச்சுக்கவா?"

"பொழுது சாயுதே. போய் மணியை அடிங்க."

இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று போனார்.

வழக்கம்போலப் பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். தூணில் வெள்ளியப்பன். துறையில் ஓடம் தயாராக இருந்தது. தாண்டவராயர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மணி ஆடியது. சத்தம் வரவில்லை.

மறுபடி இழுத்தார். ஆடியது. அவ்வளவுதான்.

அண்ணாந்து பார்த்தார். மணிக்குள் நாக்கு இல்லை. முன்பு அம்மையின் மடியில் கிடந்த பித்தளைத் துண்டு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கயிறு கையிலிருக்க அப்படியே நின்றார். பிள்ளைகள் அவரைப் பார்த்தபடி நின்றார்கள். வெள்ளியப்பன் மணியைப் பார்த்தபடி நின்றான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. துறையிலிருந்து ஓடக்காரர் ஒருதரம் குரல் கொடுத்துப் பார்த்தார். யாரும் அசையவில்லை.

வரிசைக் கடைசியிலிருந்து கொழுந்து வெளியே வந்தான். நேரே தூணுக்குப் போனான். துண்டு முடிச்சு இறுகியிருந்தது. பிஞ்சு விரலுக்கு அது மசியவில்லை. பல்லால் கடித்து இழுத்தான்.

தாண்டவராயரின் வாய் தானாகத் திறந்தது.

"டேய், இன்னும் மணி அடிக்கலையேடா."

கொழுந்து முடிச்சிலிருந்து வாயை எடுத்தான்.

"அது அடிக்காது ஐயா. நான் ரெண்டு நாள் பார்த்துட்டேன்."