மேல் ஸ்டேஷன் மணி

ஊர் அருங்காட்சியகத்தில் பீரங்கியையும் பழைய நாணயங்களையும் தாண்டிப் போனால், பின்பக்கம் மாதிரி ரயில் கூடம். பொம்மை ரயில் என்று சொல்லிவிட்டால் அங்கே இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கூடத்தின் நீளத்துக்கும் ஒரு மேடை. இந்தக் கோடியில் கீழ் ஸ்டேஷன், அந்தக் கோடியில் மேல் ஸ்டேஷன். நடுவில் மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசிய ஆள் உயர மலை. மலைக்குள் குகை. போகவும் வரவும் ஒரே தண்டவாளம்.

இதைக் கட்டியவர் கனகவல்லி. நாற்பது வயதுக்காரர். அவரிடம் வேலை பழக வருகிறவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் உட்பட, அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் போட்ட விதி ஒன்றே ஒன்று. வண்டி விடுகிறவர் மணி அடித்துக் கேட்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வழி காலியா என்று பார்த்துவிட்டுப் பதில் மணி அடிக்க வேண்டும். பதில் மணி வராமல் வண்டி நகரக் கூடாது.

அருணகிரி ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாஸ்டரை விட வயதில் மிக மூத்த சீடர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் எரிந்து விழுந்துகொண்டிருந்த மனிதர், இந்தக் கூடத்துக்கு வர ஆரம்பித்த பிறகுதான் சோற்றை ருசி பார்த்துச் சாப்பிட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மலையைப் புதுப்பித்த பிறகு முதல் ஓட்டம். கூடம் நிறையச் சனம். அருணகிரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கீழ் ஸ்டேஷனில் உட்கார்ந்தார். மேல் ஸ்டேஷனுக்கு யாரோ புது ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். எட்டிப் பார்த்தார்.

செபஸ்தியான். அவரோடு ரயில்வேயில் வேலை பார்த்த அதே செபஸ்தியான்.

அருணகிரி எழுந்துவிட்டார்.

"மாஸ்டர், இவனைக் கேட்டு நான் வண்டி விட மாட்டேன்."

"ஏண்ணே?"

"என் பிரிவு உபசாரத்துல எடுத்த போட்டோவை வந்து பாருங்க. நடுவுல நான். எனக்கு முன்னாடி தலையை நீட்டிக்கிட்டு இவன். என்னோடதுன்னு தெரியறது ஒரு காதும் பாதி மாலையும்தான். வீட்டுக்கு வர்றவன் எல்லாம் இவன் மூஞ்சியைக் காட்டி, 'இது யாரு, உங்க தம்பியா'ங்கிறான்."

"தெரியாம பண்ணியிருப்பாரு."

"நானும் கேட்டேனே. 'ஆமாண்ணே, அந்தப் போட்டோல நான் நல்லா விழுந்திருக்கேன்'னு சிரிக்கிறான்."

மாஸ்டர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இப்ப என்ன செய்யலாம்?"

"அவனை எறக்கிடுங்க. ரெண்டு பக்கமும் நானே பாத்துக்கிறேன். இல்லன்னா நான் வீட்டுக்குப் போறேன். இனிமே இந்தப் பக்கமே வரல."

வாய் சொல்லிவிட்டது. மாஸ்டர் போங்கள் என்று சொல்லிவிட்டால் நாளைக்கு எங்கே போய் உட்காருவது?

"சரிண்ணே, நீங்களே பாருங்க" என்றார் மாஸ்டர். செபஸ்தியானைக் கூப்பிட்டுச் சனத்தோடு உட்கார வைத்தார்.

அருணகிரி மணி அடித்தார். மலையைச் சுற்றிக்கொண்டு மேல் ஸ்டேஷனுக்கு ஓடினார். வழி காலியா என்று பார்த்தார். தனக்குத் தானே பதில் மணி அடித்தார். திரும்பி ஓடிவந்து சரக்கு வண்டியைக் கிளப்பினார். அது குகைக்குள் நுழைந்ததும், அந்தப் பக்கம் போய் நிறுத்த மறுபடி ஓடினார்.

"பெருசு வண்டியை முந்திடும் போலிருக்கே!" என்றது ஒரு குரல். கைதட்டினார்கள்.

கீழ் ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது மூச்சு வாங்கியது. அடுத்தது பாசஞ்சர். இன்னொரு தடவை ஓட வேண்டுமா? கேட்பதும் நான், சொல்வதும் நான். எனக்குத் தெரியாத வழியா? மணியை ஒரு தட்டு தட்டினார். பதில் வந்ததாக வைத்துக்கொண்டு பாசஞ்சரை விட்டார்.

குகைக்குள் டமாலென்று சத்தம்.

அவசரத்தில் அவர் சரக்கு வண்டியை முழுசாக ஸ்டேஷனுக்குள் ஏற்றவில்லை. அதன் வால் குகைக்குள்ளேயே நின்றிருந்தது. சனம் "அடடா" என்றது. ஒரு குழந்தை, "திரும்ப இடிங்க தாத்தா!" என்று கத்தியது.

யாரும் சொல்லாமலே செபஸ்தியான் எழுந்து போனார். குகைக்குள் கையை விட்டு, விழுந்த பெட்டிகளை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தார். சரக்கு வண்டியை ஓரம் கட்டினார். மேல் ஸ்டேஷன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இந்தப் பக்கம் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மாஸ்டர் பாசஞ்சரைக் கொண்டுவந்து கீழ் ஸ்டேஷனில் நிறுத்தினார். இன்ஜின் முகத்தில் கீறல். துணியால் துடைத்துவிட்டார்.

"இன்னொரு தரம் ஓடுறீங்களாண்ணே?"

"முட்டி தாங்காது."

"அப்ப மணி அடிங்க."

"அவன் செஞ்சதை மறந்துட்டு எப்படி மாஸ்டர் அடிக்கிறது?"

"மறக்கச் சொன்னது யாரு? வழி காலியான்னு மட்டும் கேளுங்க."

அருணகிரி சலவைச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு மணி அடித்தார்.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உடனே பதில் வரவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செபஸ்தியான் எழுந்து குனிந்து குகையைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அப்புறம்தான் மணி வந்தது.

வண்டி கிளம்பியது. பெட்டி பெட்டியாகக் குகைக்குள் போய் மறைந்தது. அருணகிரிக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கோடியில் கைதட்டல் எழுந்தது.

"வண்டி வந்து சேர்ந்துடுச்சுண்ணே!" என்று செபஸ்தியானின் குரல் மலையைத் தாண்டி வந்தது.

சிரிப்பு வந்தது. அருணகிரி அதை அடக்கி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா மாஸ்டர், குரல்ல என்ன குழைவு! எங்களுக்குள்ள எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டான்."

மாஸ்டர் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்:

"எல்லாம் சரியாப் போறதுக்கு வேற மணி இருக்குண்ணே. உங்களுக்கு நான் இன்னும் அதைச் சொல்லித் தரல."